பலகை விலை

சந்தையில் எல்லாரும் அவளைச் சீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏலச்சீட்டு நடத்துகிறவள் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி நடத்தியிருந்தால் இந்நேரம் சொந்தமாக ஒரு வீடாவது இருந்திருக்கும். அவள் வேலை வேறு. காய்கறி மொத்தச் சந்தையின் அலுவலகத்தில் வெங்காயத்துக்கு விலை எழுதுகிறவள். காலை ஆறு மணிக்குக் கையில் நோட்டோடு கிளம்பி, வெங்காய வரிசையில் இருக்கும் அறுபத்திரண்டு கடையையும் சுற்றி வருவாள். எந்தக் கடையில் எத்தனை மூட்டை, கிலோ என்ன விலைக்குக் கைமாறியது என்று எடைச்சீட்டுகளை வாங்கிப் பார்ப்பாள். சீட்டின் நகலைக் கடைக்காரர்கள் அலுவலகத்துச் சீட்டுப் பெட்டியிலும் போட்டுவிட வேண்டும்.

சீட்டை மட்டும் நம்பி எழுதுகிற ஆள் இல்லை அவள். ஏதாவது ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, ஒரு வெங்காயத்தை எடுத்து அதன் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்துவாள். இறுகியிருந்தால் நல்ல சரக்கு. ஈரமாக அமுங்கினால் ஒரு வாரத்தில் அழுகிவிடும், அதன் விலையைக் கணக்கில் சேர்க்க மாட்டாள். இதற்காகவே வியாபாரிகள் அவளைத் திட்டுவார்கள். திட்டட்டும். அன்றைக்கு எந்த விலைக்கு அதிக மூட்டை போயிருக்கிறதோ அதைப் பதினோரு மணிக்கு வாசலில் உள்ள கறுப்புத் தகரப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவாள். அதுதான் பலகை விலை. அதே எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டால், சுற்று வட்டாரத்தில் வெங்காயம் போடுகிற எல்லா விவசாயிகளின் போனுக்கும் போய்விடும். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்தில் எந்த வியாபாரி போய் நின்றாலும் பேச்சு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

அவளுடைய அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில் பாதி நிலம் வெங்காயம்தான். பதினோரு மணி ஆனதும் அந்த ஊரில் எல்லார் போனும் ஒன்றாகச் சிணுங்கும். அக்கா புருஷனுக்கு அந்தச் சமயத்தில் நெஞ்சு ஒரு சுற்று அகலமாகிவிடும். "என் கொழுந்தியா எழுதற விலை" என்று நாலு பேரிடம் சொல்லாமல் அவர் அன்றைய சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். பதினாலு வருஷமாக அந்த எண்ணில் ஒரு பொய் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தன்னைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

அப்புறம் அந்த நோய் வந்தது. உலகத்துக்கே வந்ததால் அதன் பேரைச் சொல்லி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சந்தையை மூடிய நாள் காலை ஆறு மணிக்கு, அவள் நோட்டை எடுத்துக் கிளம்புகிற நேரத்தில், மூட்டை தூக்குகிற ஒருவர் இருமிக்கொண்டே போய்க் கடை வாசலில் சாய்ந்து விழுந்தார். இருபது வருஷம் அவர் முதுகில் சரக்கு ஏற்றிய முதலாளிகள் பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன்கூடத் தண்ணீர் கொடுக்கவில்லை. ஒருத்தன் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். ஏழு மணிக்குச் சந்தையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. லாரிகள் வந்த வழியே திரும்பின. அரை மணி நேரத்தில் அந்த இடத்தில் நாய்களும் மிதிபட்ட தக்காளியும்தான் மிச்சம்.

"யாரும் கடைப்பக்கம் போகக்கூடாது. சீட்டுப் பெட்டியில என்ன இருக்கோ அதைப் பாத்து எழுதிட்டுக் கிளம்பும்மா" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்தினார் அலுவலகச் செயலாளர். பெட்டியைத் திறந்தால் வெங்காயத்துக்கு ஒரே ஒரு சீட்டு. நாற்பது மூட்டை. கிலோ மூன்று. தரம் என்கிற கட்டம் காலியாக இருந்தது.

முந்தின நாள் பலகை விலை இருபத்திரண்டு. ஒரு ராத்திரியில் இருபத்திரண்டு மூன்றாகுமா? வேறு நாளாக இருந்தால் அந்தக் கடைக்கே போய் மூட்டையைப் பிரித்துக் கழுத்தை அழுத்திப் பார்த்திருப்பாள். அன்றைக்கு அவளுக்குப் பயம். விழுந்தவரின் இருமல் காதிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய்த் தலையோடு குளித்தால் போதும் என்றிருந்தது.

"மூணுன்னு போட்டிருக்கு, சார்."

"பின்ன? ஹோட்டல் எல்லாம் மூடியாச்சு, கல்யாணம் எல்லாம் நின்னாச்சு, கப்பலும் நின்னாச்சு. வாங்கறதுக்கு ஆள் ஏது? மூணுக்குப் போனதே பெரிசு. எழுதிட்டு வாம்மா, கதவைப் பூட்டணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. எழுதினாள்.

மறுநாளிலிருந்து பாஸ் வைத்திருக்கிற ஐந்தாறு பெரிய வியாபாரிகளுக்கு மட்டும் சந்தைக்குள் அனுமதி. அவளுக்கும் ஒரு பாஸ் கொடுத்தார்கள். முன்வாசலில் வைத்திருந்த டிரம்மில் கையைக் கழுவிவிட்டு நேராகத் தன் அறைக்குப் போக வேண்டும், பெட்டியைப் பார்க்க வேண்டும், வேறு எங்கும் கால் வைக்கக்கூடாது. பெட்டியில் சீட்டு எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் விலைக் கட்டத்தைக் காலியாக விட முடியாது, சிவப்பாகக் கத்தும். 'விற்பனை இல்லை, நேற்றைய விலை தொடர்க' என்று அதிலேயே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். மூன்று வந்தது. மறுநாளும் சீட்டு இல்லை. மறுநாளும் மூன்று. இப்படிப் பதினெட்டு நாள் போயிற்று.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தெருவில் தள்ளுவண்டி வந்தது. வெங்காயம் கிலோ நாற்பத்தைந்து என்றாள் வண்டிக்காரி. சனங்கள் பயந்துபோய் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊரே நாளைக்கு முடிந்துபோகும், அதற்குள் வெங்காயம் வதக்கிவிட வேண்டும் என்பது போல ஒரு தள்ளுமுள்ளு. சீட்டம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணுக்கு எடுத்து நாப்பத்தஞ்சுக்கு விக்கிறியே, இது உனக்கே அடுக்குமா?"

வண்டிக்காரி முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊர்ல மூணு? இடத்தைச் சொல்லுங்க. வண்டியை வித்துட்டு நான் அங்கேயே குடி போயிடறேன். நான் முப்பத்தெட்டுக்கு எடுத்தேன். சுமைக்கூலி, சொத்தை, வெயில்ல நான் தள்ளற தள்ளுக்கு ஏழு வேண்டாமா?"

"எங்க எடுத்தே?"

"உங்க சந்தையிலதான்."

"சந்தையே மூடியிருக்கு."

"முன்வாசல் மூடியிருக்கு" என்றாள் வண்டிக்காரி. அடுத்த ஆளுக்கு எடை போடத் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அவள் சந்தையின் பின்வாசலுக்குப் போனாள். சாக்கடையை ஒட்டிய சந்து அது. பதினாலு வருஷத்தில் அந்தப் பக்கம் நாலு தடவைகூட வந்ததில்லை. அங்கே திருவிழாக் கூட்டம். லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் தோட்டத்துச் சரக்கு இறங்குகிறது, இன்னொரு பக்கம் சில்லறைக்காரர்கள் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கிருமிநாசினி அடிக்கிற ஆள் ஒருத்தன் மூட்டைகள் மேலும் மனிதர்கள் மேலும் ஒரே மாதிரி பீய்ச்சிக்கொண்டிருந்தான். மருந்து நெடியும் வெங்காய நெடியும் சாக்கடையும் சேர்ந்து முகக்கவசத்துக்குள் புகுந்து நின்றது.

மூட்டை தூக்குகிறவர்களில் நாற்பதாம் நம்பர் வில்லை போட்டவர் அவளுக்குப் பழக்கம். மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காத ஆள். சுவரோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னங்கம்மா, பின்பக்கம் வந்துட்டீங்க?"

"சந்தை மூடின அன்னிக்கு நாப்பது மூட்டை மூணுக்குப் போச்சே. எந்தச் சரக்கு அது?"

அவர் மூக்கைச் சுளித்தார். "அதுவா? அதை ஏன் கேக்கறீங்க, நான் தூக்கினதும்மா. ஒரு வாரமா ஷெட்ல கிடந்து அழுகினது. சாக்கைத் தூக்கினா முதுகுல கொழகொழன்னு ஒழுகுச்சு. உள்ள புழு வேற. மூணு நாள் சோப்பு போட்டுக் குளிச்சேன், நாத்தம் போகலை. வீட்டுக்காரி சோத்தை வெளியில வெச்சா."

"அழுகலை யாரு வாங்கினா?"

"பொடி மில்காரன். நல்லா இருக்கறதைக் கிள்ளி எடுத்துக் காய வெச்சு அரைச்சிடுவான். கிள்ளுவானோ, அப்படியே போடுவானோ, யாரு கண்டா?"

அவளுக்கு முகக்கவசத்தைக் கழற்றுவதற்குள் வாய் நிறைந்துவிட்டது. சாக்கடை ஓரம் குனிந்து துப்பினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகி, புழுத்து, ஆள் முதுகில் ஒழுகின சாக்குக்குப் போட்ட விலையை, பதினெட்டு நாளாக ஒரு மண்டலத்து வெங்காயம் முழுவதுக்கும் விலை என்று எழுதியிருக்கிறாள். இவள்தான் எழுதியிருக்கிறாள், சுத்தமான கையால், டிரம்மில் கழுவிவிட்டு வந்து.

"அதுக்கப்புறம் ஒரு சீட்டுகூடப் போடலையா?" என்று கேட்டாள்.

"போட்டா பலகை மாறிடுமே. தோட்டத்துல போய் 'பலகை விலை இதுதான்'னு மூணைக் காட்டி எடுக்கறாங்க. இங்க முப்பத்தெட்டுக்குக் கைமாத்தறாங்க. மிச்சம் கிடங்குல ஏறுது. ஒருத்தரும் சீட்டு போடக்கூடாதுன்னு சிரிப்பு முதலாளி உத்தரவு." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஏம்மா, நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கும் பங்கு போகுதுன்னுல்ல நாங்க எல்லாம் பேசிக்கிட்டோம்."

சொன்னவர் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. சந்தையில் யாருக்கும் அவள் மேல் கோபம்கூட இல்லை. பங்கு வாங்குகிறாள், வாங்கட்டும் என்று விட்டுவிட்டிருக்கிறார்கள்.

செயலாளர் பத்து மணிக்கு வந்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டுக்கொண்டே கையில் கிருமிநாசினியை ஊற்றி விரல் விரலாகத் தேய்த்தார். அந்த மனிதர் அந்த மாதத்தில் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

"சரிம்மா. இப்ப என்ன பண்ணலாம்ங்கறே?"

"விலையை மாத்தணும், சார். இன்னிக்கே."

"சீட்டு இருக்கா?"

"கண்ணால பாத்துட்டு வந்தேன். முப்பத்தெட்டு."

"கண்ணால பாத்தது ரூல்ல இல்ல. சீட்டு இல்லாம விலையை மாத்தினா அது மோசடி."

"அழுகலோட விலையைப் போட்டது மோசடி இல்லையா, சார்?"

"அது சீட்டுல இருந்தது." அவர் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். "தரம் காலியா இருந்தப்ப நீ விசாரிச்சிருக்கணும். எழுதினது நீ, கையெழுத்தும் உன்னுது. விசாரணைன்னு வந்தா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவாங்க. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். எப்படியாவது ஒரு சீட்டு வாங்கிட்டு வா. மாத்திடலாம்."

எழுதச் சொல்லி அவசரப்படுத்தின வாய் அது. அவள் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கதவைப் பூட்டணும் என்று அவர் சொன்னது எந்த ஃபைலிலும் கிடையாது.

சிரிப்பு முதலாளிக்கு அந்தப் பேர் வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவர் எப்போதும் சிரிப்பார். விலை ஏறினாலும் சிரிப்பார், இறங்கினாலும் சிரிப்பார், கூலி உயர்த்திக் கேட்டவனை வேலையை விட்டு நிறுத்தும்போதும் தோளைத் தட்டிச் சிரிப்பார். இப்போது முகக்கவசம் போட்டிருந்ததால் கண்ணும் வயிறும் மட்டும் சிரித்தன. கிடங்கு ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கூரை வரைக்கும் மூட்டை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர் பிடுங்கினதோடு நிற்கவில்லை, அடுக்கி வைத்து மேலே தார்பாய் போட்டு மின்விசிறியும் ஓட விட்டிருந்தார்.

"வாங்க சீட்டம்மா, வாங்க. உடம்பெல்லாம் நல்லா இருக்கா? வீட்டுல எல்லாரும் ஜாக்கிரதையா இருக்காங்களா?"

"எனக்கு ஒரு சீட்டு வேணும். நீங்க கைமாத்தற விலைக்கு."

"அவ்வளவுதானே? தர்றேன்மா. உங்களுக்கு இல்லாததா?"

"இப்ப குடுங்க."

"வெள்ளிக்கிழமை தர்றேன்."

"இன்னிக்கு ஏன் முடியாது?"

"இன்னிக்குச் சீட்டுப் புஸ்தகம் எங்கேயோ போயிடுச்சு. தேடிக்கிட்டிருக்காங்க." வயிறு குலுங்கியது. "வெள்ளிக்கிழமை கண்டிப்பாக் கிடைச்சுடும். வீட்டுக்கு ஒரு மூட்டை அனுப்பட்டுமா? நல்ல சரக்கு, கழுத்தை அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கும்."

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவரோடு நின்று பேசின அந்த இரண்டு நிமிஷத்துக்கே உடம்பெல்லாம் ஏதோ ஒட்டிக்கொண்டது போல அருவருப்பாக இருந்தது. மற்ற நாலு வியாபாரிகளிடமும் போனாள். எல்லாருடைய சீட்டுப் புஸ்தகமும் காணாமல் போயிருந்தது. எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைதான் கிடைக்குமாம்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா போன் செய்தாள். அக்காவுக்குக் கும்பிடு, நலம் விசாரிப்பு எதுவும் தெரியாது. எடுத்ததும் விஷயம்தான்.

"வெங்காயத்தைப் பிடுங்கிக் காய வெச்சாச்சுடி. முந்நூறு மூட்டை வரும். வயல்லயே தார்பாய் போட்டு மூடி வெச்சிருக்கோம். வானம் ஒரு மாதிரியா இருக்கு. மாமா உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாரு. விலை ஏறுமா, ஏறாதா?"

அந்த முந்நூறு மூட்டையைத் தவிர அக்காவுக்கு அந்த வருஷத்தில் வேறு வரவு கிடையாது. கிணற்று மோட்டார் எரிந்து இரண்டு மாதம் ஆகிறது. வெங்காயம் விற்றுத்தான் புது மோட்டார் போட வேண்டும், மோட்டார் போட்டால்தான் அடுத்த நடவு. இதெல்லாம் சீட்டம்மாவுக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விக்காதீங்கக்கா, அது அழுகலோட விலை, நான் பாக்காம எழுதிட்டேன். இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம்.

சொன்னால் என்ன ஆகும் என்றும் கூடவே தோன்றியது. மாமாவின் வாய் ஒலிபெருக்கி. அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரியும். ஊர் திரண்டு வந்து பலகையை உடைக்கும். விசாரணை வரும். கையெழுத்து இவளுடையது. வேலை போகும். இதெல்லாம் நிஜமான பயம்தான், இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் உள்ளுக்குள் அதைவிடக் கேவலமான ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. பார்க்காமல் எழுதினாள் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிடும். என் கொழுந்தியா என்று மாமா இனிமேல் சொல்ல மாட்டார். வெள்ளிக்கிழமை சீட்டு வந்துவிடும், பலகை மாறிவிடும், இடையில் நடந்தது ஒரு ஈ காக்கைக்கும் தெரியாமல் போய்விடும். நாலே நாள்தானே.

"ரெண்டு நாள் பொறுக்கா. சொல்றேன்."

"ஏன்டி? ஏறும்ங்கறியா?"

"அதெல்லாம் தெரியலக்கா. பாத்துச் சொல்றேன்."

"மழை வந்துடுச்சுன்னா?"

"நல்லா மூடி வைங்க" என்றாள் சீட்டம்மா. அக்காவின் வயலைப் பற்றி அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அதே பொத்தானைத்தான் அழுத்தியிருந்தாள். செவ்வாய்க்கிழமையும் அழுத்தினாள். மூன்று. புதன்கிழமையும் அழுத்தினாள். பதினெட்டு நாள் தெரியாமல் அழுத்தியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு விரலிலேயே தெரிந்தது. வாசலில் போய்ப் பலகையில் எழுதும்போது, சந்தைக்கு வெளியே யாரும் இல்லை, இருந்தும் யாரோ பார்க்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் சமைக்க வெங்காயத்தை எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டாள். பேசாமல் வெங்காயமே போடாமல் சமைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலில் ஒரு நிம்மதி.

"குடுத்துட்டோம்டி."

"என்னத்தை?"

"வெங்காயத்தைத்தான். மத்தியானம் தூறல் போட ஆரம்பிச்சுடுச்சு. அந்த நேரத்துக்குச் சரியா லாரியோட வந்து நின்னாங்க. நீ ரெண்டு நாள் பொறுன்னே. ரெண்டு நாள் ஆச்சு. இன்னிக்குப் பதினோரு மணிக்கும் மூணுதான் வந்துச்சு. சரி, ஏறலை, அதான் அவ ஒண்ணும் சொல்லலைன்னு நினைச்சுக்கிட்டோம்."

"முந்நூறும் குடுத்துட்டீங்களா?"

"முழுசும். ஊர்ல மத்தவங்க எல்லாம் பொறுக்கலாம், பொறுக்கலாம்னுதான் நின்னாங்க. இருபத்திரண்டு எப்படி மூணாகும், இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்குன்னு ஒரே பேச்சு. மாமாவுக்கு வந்துச்சே கோபம். என் கொழுந்தியா எழுதற விலை, அதுல ஒரு காசு பொய் இருக்காதுன்னு சொல்லி, நம்ம சரக்கைத்தான் முதல்ல தராசுல ஏத்தினாரு. அதைப் பாத்துட்டு அத்தனை பேரும் ஏத்திட்டாங்க. பதினாறு லாரி போச்சு."

"யாரு வந்து எடுத்தது?"

"பேரு கேக்கலை. ரொம்ப மரியாதையான ஆளு. சிரிச்ச முகம்."

போனை வைத்துவிட்டு அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அந்த மாதத்தில் உலகமே அதைத்தான் செய்துகொண்டிருந்ததால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை பொத்தானை அழுத்தும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுவும் அருவருப்பாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சொன்ன சொல் தவறாமல் பத்து மணிக்குச் சிரிப்பு முதலாளியே நேரில் வந்தார். கையில் சீட்டுக் கட்டு. ஐந்து கடை, இருநூற்றுப் பத்து மூட்டை, கிலோ முப்பத்தெட்டு. ஒரு சீட்டில்கூடக் கட்டம் காலியாக இல்லை. தரம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 'முதல் தரம்' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

"பாருங்கம்மா, நீங்க கேட்ட மாதிரியே. தரம்கூட எழுதிட்டேன். அப்புறம் தரம் போடலைன்னு என் மேல பழி வரக்கூடாது பாருங்க."

"இன்னிக்கு மட்டும் புஸ்தகம் கிடைச்சுடுச்சா?"

"கிடங்கு ரொம்பிடுச்சும்மா" என்றார் அவர் கூச்சமே இல்லாமல். "தோட்டத்துல இனிமே வெங்காயம் இல்ல. இனி எல்லாம் நம்மகிட்டதான். வெளியூர்க்காரங்க உங்க பலகையைப் பாத்துட்டுத்தான் பேசவே வர்றாங்க. இன்னும் மூணுன்னே இருந்தா என்கிட்டயும் மூணுக்குக் கேப்பானே? அதான் ஓடி வந்தேன். சீக்கிரம் எழுதுங்க."

அவளுக்கு இப்போதுதான் முழுவதும் விளங்கியது. திங்கட்கிழமை அவள் எந்த உண்மைக்காக ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றாளோ, அது இப்போது இந்த ஆளுக்குத்தான் தேவை. அந்தச் சீட்டுகளை அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. எறிந்து என்ன? சீட்டில் இருப்பது பொய்யில்லை. எழுதாவிட்டால் பலகையில் அழுகல்தான் நிற்கும்.

"சரக்கைப் பாக்கணும்" என்றாள்.

"பேஷாப் பாருங்க."

கிடங்குக்குப் போனாள். அவளே ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு வெங்காயத்தை எடுத்துக் கழுத்தை அழுத்தினாள். இறுகியிருந்தது. இன்னொன்றையும் எடுத்தாள். அதுவும் இறுகியிருந்தது. தோலில் மண் ஒட்டியிருந்த சரக்கு, இரண்டு நாளுக்கு முன்னால் தூறலில் நனைந்து, உடனே உலர்த்தியது. எந்த ஊர், யார் வயல் என்று அவள் கேட்கவில்லை. எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

பதினோரு மணிக்குப் பலகையைத் துடைத்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினாள். கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் ஏற்றுக்கொண்டது. செயலாளர் அறையை விட்டு வெளியே வந்து, பலகையை எட்டிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ச்சியாக, "பாத்தியா? சீட்டு வந்துச்சு, மாத்தியாச்சு. முறைப்படி போனா எல்லாம் தன்னால சரியாகும். நீதான் வீணா அலட்டிக்கிட்டே" என்றார். அவர் கையில் கிருமிநாசினி வாசனை கமகமவென்று வந்தது. அந்த வாசனையை இனி ஜன்மத்துக்கும் தாங்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. அக்கா. எடுக்காமல் விட்டாள். மறுபடி அடித்தது. மூன்றாம் தடவை எடுத்தாள்.

"முப்பத்தெட்டாமேடி?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"முந்தாநாள் குடுத்தோம். இன்னிக்கு முப்பத்தெட்டு." பின்னால் வாசலில் பலர் ஒரே சமயத்தில் கத்துவது கேட்டது. "ஊர்ல ஆளாளுக்கு வந்து நிக்கறாங்க. உங்க வீட்டாளு பேச்சைக் கேட்டுத்தானே குடுத்தோம்னு மாமாவைப் பிடிபிடின்னு பிடிக்கறாங்க. அவருக்குத் தலை தூக்க முடியலை. உள்ள வந்து உக்காந்துட்டாரு."

"மாமா என்ன சொல்றாரு?"

"அவரு என்னத்தைச் சொல்லுவாரு? மனுஷனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. உன் தங்கச்சி அன்னிக்கு ரெண்டு நாள் பொறுன்னு ஏன் சொன்னா, அவளுக்கு முன்னாடியே ஏதோ தெரிஞ்சிருக்குன்னு என்கிட்டயே சண்டைக்கு வர்றாரு. நல்லாக் குடுத்தேன், வாங்கிக் கட்டிக்கிட்டாரு. நீ இதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. விலை என்ன நீயா பண்றே? வந்ததை எழுதறே. இப்ப உன்னை நினைச்சாத்தான்டி எனக்குப் பாவமா இருக்கு, நம்மாலதான் இப்படி ஆயிடுச்சோன்னு நீ சாப்பிடாம கொள்ளாம கிடப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரிஞ்சிருந்தா என்கிட்டச் சொல்லாம இருப்பியா?"

சீட்டம்மா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு வந்து போனைக் காதில் வைத்தாள். அக்கா இன்னும் லைனில் இருந்தாள்.

"இருப்பேனாக்கா?" என்றாள்.

"அதானே" என்றாள் அக்கா. போனைக் கையால்கூட மூடாமல், உள்ளே உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்து அவள் சொன்னதும் தெளிவாகக் கேட்டது. "கேட்டீங்களா? நான் அப்பவே சொல்லலே?"